கல்லாவில் கூட்டம் இல்லை, சரி. குடோனை ஏன் பூட்ட வேண்டும்?

2021 மார்ச் 29 அன்று சோனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன் பழைய வீடியோ கேம் கருவிகளான (கன்சோல்கள்) பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3), கையடக்க பிஎஸ்பி இரண்டின் ஆன்லைன் கடைகளும் ஜூலை 2-ஆம் தேதியோடு சரி, இன்னொரு கையடக்கக் கருவியான வீட்டாவின் கடை ஆகஸ்ட் 27-ஆம் தேதியோடு சரி என்றது. சரியாக மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 19 அன்று, பிளேஸ்டேஷன் பிரிவின் தலைவராக இருந்த ஜிம் ரயன் தாங்கள் எடுத்தது தவறான முடிவு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிஎஸ்3, வீட்டா இரண்டின் கடைகளும் திறந்தே இருக்கும் என்றார். பிஎஸ்பியில் வாங்கும் வசதி மட்டும் சொன்ன தேதியில் நின்றுபோனது. அதிலும், பிஎஸ்பி கேம்களை பிஎஸ்3 கடையிலோ வீட்டா கடையிலோ வாங்கிக்கொள்ள வழி இருந்தது.

இந்த மூன்று வாரம்தான் மனதைவிட்டுப் போக மறுக்கிறது. இடைப்பட்ட 21 நாளில் பிஎஸ்3-இன் வயது குறையவில்லை. புதிதாக யாரும் அதைத் தயாரிக்கவில்லை. வீட்டாவின் உற்பத்தி 2019-லேயே நின்றிருந்தது. மார்ச் மாதம் போதாமல் இருந்த தேவை ஏப்ரலில் எப்படிப் போதுமானதாக ஆனது? சத்தம் போட்டவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து மனம் மாறினார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மூடுவதற்குச் சொன்ன காரணத்தைத் திரும்பப் படித்தால் வேறொன்று தெரிகிறது. பழைய கருவிகளில் பணப் பரிவர்த்தனையைத் தாங்கிப் பிடிப்பதில் உள்ள சிக்கல்களும், பெரும்பாலானோர் விளையாடும் புதிய கருவிகளுக்கு ஆட்களையும் நேரத்தையும் திருப்ப வேண்டிய தேவையும் காரணம் என்றுதான் ரயனே எழுதியிருந்தார். வாடிக்கையாளர் குறைவு என்பது அதில் இரண்டாவது பாதி. முதல் பாதி பணம் வாங்குவதன் தொல்லை.

பழைய கன்சோல் கடைகளைப் பற்றிய விவாதம் எப்போது வந்தாலும், ‘இதையெல்லாம் இன்னும் யார் வாங்குகிறார்கள்?’ என்ற ஒரே கேள்வியில் போய் நின்றுவிடுகிறது. 2022 பிப்ரவரியில் தன் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ இரண்டின் கடைகளை மூடப்போவதாக அறிவித்த நின்டெண்டோவும், காலப்போக்கில் பயன்பாடு குறைவது எந்தப் பொருளுக்கும் இயல்பு என்ற தொனியில்தான் விளக்கம் கொடுத்தது. கேள்வி நியாயமானதே. விற்காத கடைக்கு யாரும் வாடகை கட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் ‘கடை’ என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் மூன்று தனித்தனி வேலைகளை. மூன்றுக்கும் செலவு வேறு, ஆபத்து வேறு. மூன்றையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பதால்தான் இந்த விவாதம் எங்குமே போய்ச் சேர்வதில்லை.

கல்லா, அலமாரி, குடோன்

முதலில் கல்லா. பணம் வாங்கும் இடம். இதன் செலவை ரசிகர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கார்டு எண்ணைக் கையாளும் எந்த அமைப்பும் கார்டு நிறுவனங்களின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட வேண்டும். அந்த விதிகள் 2018 ஜூன் 30-க்குள் பழைய எஸ்எஸ்எல், டிஎல்எஸ் 1.0 என்ற பாதுகாப்பு இணைப்பு முறைகளைக் கைவிடச் சொன்னன. 2006-இல் வந்த கருவிக்குள் இருக்கும் இணைப்பு மென்பொருளை அதற்கேற்ப மாற்ற வேண்டுமென்றால் அந்தக் கருவியின் நிரலைத் தெரிந்த ஆட்கள் வேண்டும், அதைச் சோதித்துப் பார்க்க ஆட்கள் வேண்டும். வரி இன்னொரு தலைவலி. ஐரோப்பாவில் 2015 முதல் டிஜிட்டல் பொருளுக்கு வாங்குபவரின் நாட்டு வரி. இந்தியாவில் 2017 ஜூலை முதல் வெளிநாட்டிலிருந்து விற்கப்படும் டிஜிட்டல் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. விதி மாறும்போதெல்லாம் பழைய கடையின் விலைப்பட்டியல், ரசீது, கணக்கு அத்தனையும் மாற வேண்டும். அதற்கும் மேலே, விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் பதிப்பாளருக்குப் பங்கு போய்ச் சேர வேண்டும். அந்தப் பதிப்பாளர் திவாலாகிக் கைமாறியிருந்தால் பணத்தை யாருக்கு அனுப்புவது என்று பார்க்க ஒரு வழக்கறிஞர் உட்கார வேண்டும்.

ஆபத்தும் கல்லாவில்தான் அதிகம். 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் உடைக்கப்பட்டு ஏறத்தாழ 7.7 கோடி கணக்குகளின் விவரம் வெளியேறியதும், மூன்று வாரத்துக்கு மேல் சேவையே நின்றதும் அந்நிறுவனம் மறக்கக்கூடிய விஷயங்கள் அல்ல. பிஎஸ்3-இன் கையெழுத்துச் சாவிகள் (மென்பொருள் அசல்தான் என்று சான்று தரும் ரகசிய எண்கள்) 2010 இறுதியிலும் 2011 தொடக்கத்திலும் வெளியே வந்துவிட்டன. அதாவது, அந்தக் கருவியிலிருந்து வரும் எந்தக் கோரிக்கையையும் இது உண்மையான பிஎஸ்3-தான் என்று சர்வர் முழுதாக நம்ப முடியாது. அப்படிப்பட்ட கருவியின் திரையில் கார்டு எண்ணைத் தட்டச்சு செய்ய விடுவது சரியல்ல. இதில் நிறுவனங்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது அலமாரி. கன்சோலில் நாம் பார்க்கும் பக்கங்கள், படங்கள், விலைகள், தேடல். இதன் செலவு நடுத்தரம். பிஎஸ்3 கடை இன்று ஆமை வேகத்தில் நகர்கிறது, ஆனால் நகர்கிறது. உரிம ஒப்பந்தம் முடிந்த கேம்களை அவ்வப்போது அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும். கார் நிறுவனப் பெயர், பாட்டு, படக் கதாபாத்திரம் இருக்கும் கேம்கள்தான் முதலில் போகும். மற்றபடி பெரிய வேலை இல்லை.

மூன்றாவது குடோன். கேம் கோப்புகள் கிடக்கும் இடம். அதோடு சேர்ந்து, எந்தக் கணக்குக்கு எது சொந்தம் என்ற பதிவேடும், டவுன்லோட் செய்த கோப்பைத் திறக்கும் உரிமத்தைத் தரும் சர்வரும். இதன் அளவைத் தெரிந்துகொள்ள அருமையான ஓர் அளவுகோல் இருக்கிறது. 3டிஎஸ், வீ யூ கடைகள் மூடப்படும் முன் அமெரிக்காவில் ஒரு யூடியூபர் இரண்டிலும் இருந்த அத்தனை கேம்களையும் வாங்கி முடித்தார். வீ யூவில் 866, 3டிஎஸ்ஸில் 1,547. செலவு 22,791 டாலர். வீ யூ கோப்புகள் மொத்தம் 1.2 டெராபைட். 3டிஎஸ் கோப்புகள் 267 ஜிகாபைட். இரண்டு கன்சோல்களின் ஒரு பிராந்தியத்துக் குடோன் முழுவதும் சட்டைப்பையில் அடங்கும் ஒரே ஒரு 2 டெராபைட் ஹார்ட் டிஸ்கில் இடம் மிச்சம் வைத்து உட்கார்ந்துவிடும். டவுன்லோட் செலவு ஆட்கள் குறையக் குறையத் தானாகக் குறைவது. ஆக, தேவை குறைந்துவிட்டது என்ற வாதம் குடோனுக்கு எதிராக எடுபடவே எடுபடாது. தேவை குறைந்த குடோன் மலிவான குடோன்.

2021 அக்டோபர் 27

ஏப்ரலில் சோனி தவறை ஒப்புக்கொண்டபோது எல்லோரும் கொண்டாடினார்கள். ஆறு மாதம் கழித்து நடந்ததை அவ்வளவு பேர் கவனிக்கவில்லை. அக்டோபர் 27 முதல் பிஎஸ்3, வீட்டா கடைகளில் கார்டும் பேபாலும் செல்லாது என்று ஆனது. வாங்க வேண்டுமென்றால் முதலில் இணையதளத்திலோ பிஎஸ்4, பிஎஸ்5 கருவியிலோ கிஃப்ட் கார்டு மூலமோ வாலட்டில் பணம் ஏற்ற வேண்டும். பழைய கருவி அந்த வாலட்டிலிருந்து கழித்துக்கொள்ளும். பலர் இதை இரண்டாவது துரோகமாகப் பார்த்தார்கள். எனக்கு இதுதான் இந்த விவகாரம் முழுவதிலும் நடந்த மிக முக்கியமான, மிகச் சரியான காரியமாகத் தெரிகிறது. மார்ச் மாதம் மூடுவதற்கு என்ன காரணம் சொன்னார்களோ அந்தப் பரிவர்த்தனைச் சிக்கலின் பெரும்பகுதியை ஒரே வெட்டில் நீக்கிவிட்டார்கள். கார்டு எண் பழைய கருவியைத் தொடுவதே இல்லை. வங்கி விதி மாறினால் புதிய இணையதளம் மட்டும் மாறினால் போதும். கல்லா இடம் மாறியது. அலமாரியும் குடோனும் அங்கேயே இருந்தன.

இதற்கும் அடுத்த படி ஒன்று உண்டு. அதற்கான சாட்சி அவர்கள் கையிலேயே இருக்கிறது. ‘கிராஸ் பை’ என்ற ஏற்பாட்டை வீட்டா வைத்திருப்பவர்கள் நன்றாக அறிவார்கள். சில கேம்களின் பிஎஸ்4 பதிப்பை வாங்கினால் அதே கணக்கில் வீட்டா அல்லது பிஎஸ்3 பதிப்பும் சேர்ந்தே வந்துவிடும். புதிய கடையில் பணம் கட்டுகிறோம். பதிவேட்டில் இரண்டு வரி எழுதப்படுகிறது. பழைய கருவியின் டவுன்லோட் பட்டியலில் கேம் தானாக வந்து நிற்கிறது. பழைய கருவியின் கடைப் பக்கத்தை ஒருமுறைகூடத் திறக்க வேண்டியதில்லை. புதிய கல்லாவிலிருந்து பழைய குடோனுக்குச் சீட்டு எழுத முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டும்? நின்டெண்டோவிலும் இதே கதைதான். 3டிஎஸ், வீ யூ விற்பனை 2023 மார்ச் 27-இல் நின்றது. கையில் இருந்த டவுன்லோட் கோடுகளை (கேமை இறக்கத் தட்ட வேண்டிய குறியீட்டு எண்களை) மட்டும் ஏப்ரல் 3 வரை போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். வெளியே வாங்கிய குறியீட்டு எண் ஒன்றை அந்தச் சின்னக் கருவியில் தட்டினால் கேம் இறங்கும் வழி கடைசி நாள்வரை ஒழுங்காக வேலை செய்தது. அந்த வழியை மட்டும் விட்டுவைத்திருந்தால் கார்டு, வரி, ரசீது அத்தனையும் வேறிடத்தில் முடிந்திருக்கும்.

பழைய கருவிக்குப் புதிய மென்பொருள் எழுத ஆளில்லை என்று சொல்வார்கள். 3டிஎஸ்ஸுக்கு 11.17 என்ற சிஸ்டம் அப்டேட் வந்தது 2023 மே மாதம், கடை மூடி ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து. பிஎஸ்3-க்கு ப்ளூரே படங்களின் சாவியைப் புதுப்பிப்பதற்காக இன்றும் அவ்வப்போது அப்டேட் வந்துகொண்டுதான் இருக்கிறது. கட்டமைப்பும் சோதனைக் கருவிகளும் ஆட்களும் ஏதோ ஓர் அறையில் இன்னும் இருக்கிறார்கள். பாதுகாப்பு இணைப்புக்கான சான்றிதழ் புதுப்பிப்பை அந்த அப்டேட்களோடு சேர்த்து அனுப்புவது தனிச் செலவு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தேவையை யார் குறைத்தார்கள்?

தேவை என்ற எண்ணை இயற்கை தந்த எண் மாதிரிப் பேசுகிறோம். மழை அளவு மாதிரி. அது அப்படி இல்லை. சோனி 2020 அக்டோபரில் இணையக் கடையையும் மொபைல் ஆப்பையும் புதுப்பித்தபோது பிஎஸ்3, பிஎஸ்பி, வீட்டா கேம்களை அவற்றிலிருந்து எடுத்துவிட்டது. அதுவரை கணினியில் தேடி, படம் பார்த்து, வாங்கிவிட்டு, இரவில் கன்சோலில் டவுன்லோட் போட்டுவிட்டுத் தூங்கலாம். அதன்பிறகு கன்சோலின் மெதுவான திரையில்தான் எல்லாம். ஐந்து மாதம் கழித்து மூடல் அறிவிப்பு. நின்டெண்டோவின் வரிசையும் இதே போலத்தான்: 2022 மே 23-இல் கார்டு நின்றது, ஆகஸ்ட் 29-இல் கிஃப்ட் கார்டு நின்றது, அடுத்த மார்ச்சில் கடை மூடியது. கடைசி ஏழு மாதம், பழைய ஐடியைப் புதிய நின்டெண்டோ கணக்கோடு இணைத்து அங்கிருந்து பணம் கொண்டுவரத் தெரிந்தவர்கள், ஏற்கெனவே இருப்பு வைத்திருந்தவர்கள், கோடு வைத்திருந்தவர்கள் மட்டுமே வாங்க முடிந்தது. நின்டெண்டோவின் இன்னும் பழைய கருவியான வீயின் கடையில் 2018 மார்ச் 26-இல் பாயின்ட் (அந்தக் கடையில் செல்லும் பணம்) ஏற்றுவது நின்று, 2019 ஜனவரி 30-இல் விற்பனை நின்றது. இடையில் பத்து மாதம். வாசலை ஒவ்வொரு செங்கலாக அடைத்தபின் உள்ளே எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணினால் கிடைப்பது தேவையின் கணக்காகாது.

இந்தியா போன்ற நாடுகள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. நின்டெண்டோவுக்கு இங்கே ஈஷாப் என்ற அதன் ஆன்லைன் கடை அதிகாரபூர்வமாகக் கிடையாது. 3டிஎஸ் பிராந்தியப் பூட்டு போட்ட (விற்ற பகுதியின் கேம்களை மட்டுமே ஏற்கும்) கருவி என்பதால் அமெரிக்கக் கருவி வாங்கியவர் அமெரிக்கக் கணக்கு தொடங்கி, டாலர் கிஃப்ட் கார்டைத் தேடிப்பிடித்து வாங்கினார். சென்னையிலோ கோவையிலோ இருந்த தேவை அமெரிக்காவின் தேவையாகப் பதிவானது. கிஃப்ட் கார்டு நின்ற அன்றே இங்கே பலருக்கும் கடை மூடிவிட்டது.

எண்ணிக்கையைவிட முக்கியமானது எதற்கான தேவை என்பது. 2016 நவம்பரில் நின்டெண்டோ 30 பழைய கேம்களை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து என்இஎஸ் கிளாசிக் என்று விற்றது. 2017 ஏப்ரலில் நிறுத்தும்போது 23 லட்சம் விற்றிருந்தது. 2008-இல் தொடங்கிய கோக் (GOG) என்ற கேம் விற்பனைத் தளம் பழைய பிசி கேம்களை இன்றைய விண்டோஸில் ஓடும்படி சரிசெய்து விற்பதையே முதன்மைத் தொழிலாக்கி வளர்ந்தது. டிஜிட்டலாக மட்டும் வந்த கேம்களை வட்டிலும் கார்ட்ரிஜிலும் அச்சிட்டு விற்கவே 2015-இல் லிமிடெட் ரன் கேம்ஸ் தொடங்கியது. அதன் முதல் வெளியீடே ஒரு வீட்டா கேம். பழைய கேமுக்குத் தேவை இல்லை என்ற பேச்சு இவற்றின் முன் நிற்காது. ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இந்தத் தேவையின் பெரும்பகுதி பிரபலமான சில நூறு கேம்களுக்கானது. மீதி ஆயிரக்கணக்கானவற்றை வருடத்துக்கு நாலு பேர் தேடலாம். தேவையை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த நாலு பேர் தோற்றுவிடுவார்கள். அதனால்தான் விற்பனை எண்ணைவிட, ‘இது வேறெங்கும் கிடைக்குமா?’ என்ற கேள்வியை முதலில் வைக்க வேண்டும் என்கிறேன்.

வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று எந்த வடிவிலும் விற்பனையில் இல்லை என்றது. இந்தச் சதவீதத்தின் பின்னால் என்ன இருக்கிறது என்பதை ஒரே ஒரு கேமை எடுத்துக்கொண்டு பார்த்தால் நன்றாகப் புரியும்.

பாதி மட்டும் கையில்

ஃபயர் எம்ப்ளம் ஃபேட்ஸ் 3டிஎஸ்ஸுக்கு வந்தபோது (ஜப்பானில் 2015, அமெரிக்காவில் 2016) ‘பர்த்ரைட்’, ‘காங்க்வெஸ்ட்’ என்று இரண்டு கார்ட்ரிஜ்களாக விற்றார்கள். கதை ஒரே புள்ளியில் தொடங்கி ஆறாவது அத்தியாயத்தில் கிளை பிரிகிறது. பெற்ற குடும்பத்தோடு நிற்பதா, வளர்த்த குடும்பத்தோடு நிற்பதா என்ற இடம். எந்தக் கார்ட்ரிஜ் வாங்கினீர்களோ அந்தக் கிளை. ‘ரெவலேஷன்’ என்று மூன்றாவது கிளை ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் சேராமல், போரின் உண்மையான காரணத்தைத் தேடிப் போவது. கதையின் முடிச்சுகள் அவிழ்வது அதில்தான். அது தனிக் கார்ட்ரிஜாக வரவில்லை. ஏற்கெனவே ஒன்றை வைத்திருப்பவர் ஈஷாப்பில் 20 டாலர் கட்டி டவுன்லோட் செய்ய வேண்டும். மூன்றும் ஒரே கார்ட்ரிஜில் இருந்த சிறப்புப் பதிப்பு குறைந்த அளவில் மட்டும் விற்றது.

2023 மார்ச் 27-க்குப் பிறகு ஒருவர் ‘பர்த்ரைட்’ கார்ட்ரிஜைப் பழைய கடையில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்ட்ரிஜ் கைவசம் இருந்தால் எல்லாம் நிரந்தரம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அவரிடம் கருவி இருக்கிறது, கார்ட்ரிஜ் இருக்கிறது, பணம் இருக்கிறது, ஆனால் கதையின் மூன்றில் ஒரு பங்கை அவருக்கு விற்க ஆளில்லை. இதே கிளையை முன்பே வாங்கியவர் இன்றும் அதே சர்வரிலிருந்து மறுபடி டவுன்லோட் செய்துகொள்ளலாம். கோப்பு அங்கேயே இருக்கிறது, சர்வர் ஓடுகிறது, உரிமம் கொடுக்கும் வேலையும் நடக்கிறது. பதிவேட்டில் ஒரு வரி எழுத மறுப்பது மட்டும்தான் தடை. தேவை குறைந்ததால் சேமித்த செலவு இதில் எங்கே இருக்கிறது என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

நின்டெண்டோ தன் மூடல் அறிவிப்போடு வெளியிட்ட கேள்வி பதில் பகுதியில், பழைய கேம்களைப் பாதுகாக்கும் கடமை நிறுவனத்துக்கு இல்லையா என்ற கேள்வியும் முதலில் இருந்தது. தன் அடுத்த கன்சோலான ஸ்விட்சின் ஆன்லைன் சந்தாவில் 130-க்கும் மேற்பட்ட கிளாசிக் கேம்கள் இருக்கின்றன என்பதுதான் பதிலின் சாரம். பிறகு அந்தக் கேள்வியே பக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. கேள்வியை விட்டுவைத்திருக்க வேண்டும். 130 என்ற எண்ணை மேலே சொன்ன 1,547-உடன் வைத்துப் பார்ப்பது ஒவ்வொரு வாசகரின் உரிமை.

மறுபக்கத்தில் இருக்கும் நல்ல வாதங்கள்

மூடுவதற்கு ஆதரவான வாதங்களில் எனக்கு வலுவாகப் படுவது ஒன்றுதான்: பழைய கடையைத் தூக்கிப் பிடிப்பதைவிட அதன் சரக்கைப் புதிய கடைக்கு மாற்றுவது நல்லது. மைக்ரோசாஃப்ட் இதைத்தான் ஓரளவு செய்தது. எக்ஸ்பாக்ஸ் 360 கடையை மூடும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் வந்தது. மூடியது 2024 ஜூலை 29. பதினோரு மாத அவகாசம். அதற்கு முன்பே, 2015 முதல் 2021 நவம்பர் வரை, நூற்றுக்கணக்கான 360 கேம்களைப் புதிய எக்ஸ்பாக்ஸில் ஓடும்படி செய்து புதிய கடையிலேயே விற்பனைக்கு வைத்துவிட்டார்கள். 360-இல் வாங்கியதைக் கூடுதல் காசு இல்லாமல் புதிய கருவியில் இறக்கிக்கொள்ளலாம். கருவி செத்தாலும் சரக்கு சாகாது. அந்தப் பட்டியலில் இடம் பிடிக்காத கேம்களுக்கு மட்டும் வழியில்லை. உரிமையாளரின் அனுமதியோ இசை உரிமமோ கிடைக்காதவைதான் பெரும்பாலும் அப்படி நின்றுபோயின.

பிஎஸ்3-இல் இது ஏன் நடக்கவில்லை என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. அதன் செல் பிராசசர் வழக்கமான வகையில் சேராது. ஒரு முதன்மை மையமும், கேம்கள் பயன்படுத்தக்கூடிய ஆறு துணை மையங்களும், ஒவ்வொன்றுக்கும் தனியாக 256 கிலோபைட் நினைவகமும். அந்த அமைப்புக்கென்றே நெய்யப்பட்ட நிரலை இன்னொரு கருவியில் அதே வேகத்தில் ஓட்டுவது கடினம். அதனால் பிஎஸ்4, பிஎஸ்5 கருவிகளில் பிஎஸ்3 கேம்கள் ஸ்ட்ரீமிங்காக மட்டுமே வந்தன. இந்தியாவில் அந்த ஸ்ட்ரீமிங் சேவையும் இல்லாததால் நமக்கு அது வழியே அல்ல. ஆனாலும் 2011-இல் தொடங்கி தன்னார்வலர்கள் எழுதிவரும் ஆர்பிசிஎஸ்3 எமுலேட்டர் (கணினியை பிஎஸ்3 போல நடந்துகொள்ள வைக்கும் மென்பொருள்), நல்ல கணினியில் பெரும்பாலான பிஎஸ்3 கேம்களை ஓட்டிக்காட்டுகிறது. கடினம் என்பதும் முடியாது என்பதும் ஒன்றல்ல. அப்படி மாற்றி முடிக்கும்வரை பழைய கடையின் அலமாரியை எடுக்கக் கூடாது. வரிசை அதுதான்: முதலில் சரக்கு போக வேண்டும், பிறகு ஷட்டர் இறங்கலாம்.

மறுவெளியீடு வரும், பொறுங்கள் என்பது இன்னொரு வாதம். சில சமயம் வருகிறது. ஏஸ் அட்டர்னி வரிசையின் ‘டூயல் டெஸ்டினீஸ்’, ‘ஸ்பிரிட் ஆஃப் ஜஸ்டிஸ்’ இரண்டும் மேற்கு நாடுகளில் 3டிஎஸ்ஸில் டிஜிட்டலாக மட்டுமே வந்தவை. கடை மூடிப் பத்து மாதம் கழித்து, 2024 ஜனவரியில், புதிய கருவிகளுக்குத் தொகுப்பாக வந்துவிட்டன. பெரிய பதிப்பாளர், விற்கும் பெயர். அந்த அதிர்ஷ்டம் 2008-இல் வீ கடைக்கு மட்டும் வந்த சின்ன கேமுக்குக் கிடைக்காது. நூலகங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றால், அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில், ஆய்வாளர்கள் நூலகத்துக்கு நேரில் வராமல் தொலைவிலிருந்தே பழைய கேம்களைப் பார்க்க அனுமதி கேட்ட கோரிக்கையை மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டோம், நூலகமும் காட்டக் கூடாது என்றால், நிறுவனத்தின் பேரேட்டில் மட்டும்தான் தேவை பூஜ்யமாகும். வெளியே அது ஹேக் செய்த கருவிகளுக்கும் திருட்டுப் பிரதிகளுக்கும் இடம் மாறிவிடுகிறது, படைத்தவர்களுக்கு ஒரு பைசா போகாமல்.

பிஎஸ்3 வைத்திருப்பவர்கள் இப்போது செய்ய வேண்டியது

கொள்கை எப்படியோ போகட்டும். திறந்திருக்கும் கடையைப் பயன்படுத்துவதில் பலர் இடறும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். சைன் இன் செய்வதில்தான் முதல் சிக்கல். உங்கள் கணக்கில் இரு படிச் சரிபார்ப்பு இருந்தால் பிஎஸ்3-இல் வழக்கமான பாஸ்வேர்டு எடுபடாது, ஓடிபி கேட்கும் திரையும் வராது. கணினியில் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய் ‘டிவைஸ் செட்டப் பாஸ்வேர்டு’ ஒன்றை உருவாக்கி, அதை பிஎஸ்3-இல் பாஸ்வேர்டு இடத்தில் போட வேண்டும். அடுத்தது வாலட். கேமின் விலைக்கு வரியோடு சேர்த்துப் போதுமான தொகையை முன்கூட்டியே இணையத்தில் ஏற்றிவிட்டுத்தான் கன்சோலைத் திறக்க வேண்டும். கார்ட்ரிஜோ வட்டோ இல்லாத, வேறெங்கும் விற்காத கேம்களுக்கே முதலில் காசைச் செலவழியுங்கள். வட்டில் கிடைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டவுன்லோட் தொடங்கும் முன் கேமின் அளவைப்போல் இரண்டு மடங்கு காலியிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிஎஸ்3 முதலில் முழுப் பொதியை இறக்கி, பிறகு அதை விரித்து நிறுவும். 10 ஜிகாபைட் கேமுக்கு 20 ஜிகாபைட் வேண்டும். பாதியில் நின்று பிழை காட்டுவதற்கு இதுவே முக்கியக் காரணம். பின்னணியில் டவுன்லோட் போட்டால் முடிந்தபின் கேம் மெனுவில் ஒரு குமிழி வடிவ ஐகான் நிற்கும். அதை நீங்களே அழுத்தி நிறுவ வேண்டும், தானாக நடக்காது. ஏற்கெனவே வாங்கியவை ‘அக்கவுண்ட் மேனேஜ்மென்ட்’ உள்ளே ‘டிரான்ஸாக்ஷன் மேனேஜ்மென்ட்’, அதனுள் ‘டவுன்லோட் லிஸ்ட்’ என்ற இடத்தில் இருக்கும். தேடல் வசதி இல்லாத நீண்ட பட்டியல் அது. கடையின் அலமாரியிலிருந்து எடுக்கப்பட்ட கேம்கூடப் பல சமயம் இந்தப் பட்டியலில் கிடைக்கும் என்பதால், காணவில்லை என்று முடிவு செய்யும் முன் கடைசிவரை இறங்கிப் பாருங்கள்.

பழைய 40 அல்லது 60 ஜிகாபைட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் 2.5 அங்குல சாட்டா டிஸ்க் ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். மாற்றும் முன் ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’ உள்ளே ‘பேக்கப் யுடிலிட்டி’ வழியாக ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த வெளி டிஸ்கில் நகல் எடுங்கள். அதற்கும் முன் டிராஃபிகளை (கேம்களில் வென்ற பதக்கங்களை) சர்வரோடு சிங்க் செய்துவிடுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: பிஎஸ்3 டிஸ்க் அந்தக் கருவியின் சாவியால் குறியாக்கம் செய்யப்பட்டது. கருவி செத்தபின் டிஸ்கைக் கழற்றி வேறொரு பிஎஸ்3-இல் போட்டால் ஃபார்மட் செய்யத்தான் கேட்கும். நகலை வேறு கருவியில் மீட்டாலும் நகலெடுக்க விடாத பூட்டுள்ள சில சேவ் கோப்புகள் வராது. ஒரு கணக்கின் கேம்களை ஒரே சமயத்தில் இரண்டு பிஎஸ்3 கருவிகளில்தான் ஆக்டிவேட் செய்ய முடியும். பழுதான கருவி ஒன்று அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் இணையத்தில் கணக்குப் பக்கத்தில் மொத்தமாக டிஆக்டிவேட் செய்யலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும். கருவியை விற்கும்போது கையோடு டிஆக்டிவேட் செய்துவிடுவது நல்லது.

கடைசியாக, உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். அது செத்தால் மின்சாரம் போனதும் நேரம் அழிந்துவிடும். அந்த நிலையில் வட்டு கேம்கள் ஓடும், ஆனால் டவுன்லோட் செய்த கேம்கள் திறக்க மறுக்கும். நேரத்தைக் கையால் சரியாக வைத்தாலும் பயனில்லை. கருவி நெட்வொர்க்கில் சேர்ந்து நேரத்தை சர்வரிடமிருந்தே வாங்க வேண்டும். கருவியைப் பிரித்துத் தூசி எடுக்கும் நாளில் இருபது, முப்பது ரூபாய் பேட்டரியையும் சேர்த்து மாற்றி, மூடியதும் ஒருமுறை சைன் இன் செய்துவிடுங்கள். மறுமுனையில் அந்த சர்வர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே.